அடிபட்டவர் நன்றாகப் பேசினால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: விபத்தில் சிக்கியவர் தெளிவாகப் பேசுகிறார், வெளியே பெரிய காயமும் இல்லை. அப்புறம் ஏன் அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்? அங்கே முதலில் எதைப் பார்ப்பார்கள்?

அவசரப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் மருத்துவர் நான். இந்தக் கேள்வியைப் படித்ததும் ஓர் இளைஞரின் கை நினைவுக்கு வந்தது.

நண்பரோடு பைக்கிலிருந்து விழுந்து வந்தவர். நண்பருக்கு நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம், முன்கை உடைந்திருந்தது, வலியில் கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். இவர் ஓரமாகப் படுத்துக்கொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை, அவனைப் பாருங்கள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடுங்கள்" என்றார். பிரஷர் 116/92 என்று எழுதியிருந்தது. அவரைத் தாண்டிப் போகும்போது தற்செயலாகக் கையைப் பிடித்தேன். ஜில்லென்று, வியர்வையில் நனைந்திருந்தது. நாடி 124. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் போய்ப் பிழைத்துவிட்டார். ஆனாலும் இருபது நிமிடம் அவரை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் போகும் வரைகூட பிரஷரின் மேல் எண் இறங்காமல் நிற்கலாம். கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து உடல் சமாளிக்கிறது. அதனால்தான் தோல் குளிர்கிறது, நாடி ஓடுகிறது, தாகம் எடுக்கிறது. குழாய்கள் சுருங்குவதால் கீழ் எண் ஏறும். 116க்கும் 92க்கும் இடைவெளி 24தான். வழக்கமாக 40 அளவில் இருக்க வேண்டும். எங்களை எச்சரிக்க அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது, நாங்கள்தான் மேல் எண்ணை மட்டும் பார்த்தோம். குழந்தைகள் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று சரிவார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கோ நாடிகூட ஏறாது.

சரி, முதலில் என்ன பார்ப்போம்? பீறிட்டு ஓடும் ரத்தத்தை நிறுத்துவது, பிறகு மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், மூளை. கடைசியாக உடைகளை வெட்டி உடல் முழுக்கப் பார்த்து, உடனே போர்த்திவிடுவோம். கண்ணில் படும் காயத்தின் பின்னால் ஓடாமல் எது சீக்கிரம் உயிரை எடுக்குமோ அதை முதலில் பார்ப்பது என்ற இந்த முறை உலகெங்கும் பரவியதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருக்கிறது. 1976இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், பிள்ளைகள் படுகாயம் அடைந்தார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து மனம் நொந்த அவர், சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1978இல் அது தொடங்கியது.

ரத்தம் ஒளிந்துகொள்ளும் இடங்கள் நான்கு: மார்பு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை. தொடை எலும்பு உடைந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தேங்கலாம். இடுப்பெலும்பு உடைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அசைத்துப் பார்க்கக் கூடாது, இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் சில நிமிடங்களில் காட்டும். முதல் முறை தெரியாவிட்டால் மறுபடி பார்ப்போம். மணிக்கணக்கில் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். தலைக்காயம் இன்னொரு காரணம். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிகிறவர் இடையில் தெளிவாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து நினைவிழக்கலாம்.

சிகிச்சையில் என் காலத்திலேயே மாறிய ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சலைனை லிட்டர் லிட்டராக ஏற்றுவோம். அது ரத்தத்தை நீர்க்கச் செய்யும், உடலைக் குளிர்விக்கும், இரண்டுமே ரத்தம் உறைவதைக் கெடுக்கும். இப்போது சீக்கிரமே ரத்தம் ஏற்றுகிறோம், உடலைச் சூடாக வைக்கிறோம், உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுக்கிறோம். 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, இந்த மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதல்கூட நேரலாம்.

அதனால் நீங்கள் யாரையாவது அழைத்து வந்தால், அடிபட்ட நேரத்தை முதலில் சொல்லுங்கள். வழியில் ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். தண்ணீர் கேட்டால் மனசு கேட்காது, ஆனாலும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.