வேதபாட வகுப்பும் பேத்தியின் படிப்பும்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, வெளிநாட்டுப் பெருநகரங்களில் உள்ள கிறிஸ்தவப் பன்னாட்டுப் பள்ளிகளைப் பற்றியவை. ஒன்றுக்கு எழுதும் விடை மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மருமகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறார். மூன்றாண்டுப் பணிக்காகக் குடும்பத்தோடு தென் கொரியத் தலைநகர் சியோலுக்குச் செல்கிறார். பேத்திக்குப் பத்து வயது. ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளியை விசாரித்தபோது, பலரும் ஒரு கிறிஸ்தவப் பன்னாட்டுப் பள்ளியையே நல்ல பள்ளி என்றார்களாம். நாங்கள் வெள்ளிதோறும் மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் செல்லும் குடும்பம். பேத்தியை பைபிள் படிக்கச் சொல்வார்களோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. சேர்க்கலாமா? – ஒரு வாசகி, திருநகர், மதுரை.

பதில்: அம்மா, தங்கள் அச்சத்துக்கு மழுப்பாமல் விடை சொல்லிவிடுகிறேன். படிக்கச் சொல்வார்கள். இத்தகைய பள்ளிகள் பலவற்றில் விவிலியம் என்பது கணக்கையும் அறிவியலையும் போல ஒரு பாடம். அதற்கு வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ‘சேப்பல்’ என்னும் கூட்டு வழிபாடு நடக்கும். எல்லா மாணவர்களும் அதில் வந்து அமர வேண்டும் என்பதே பொதுவான வழக்கம்.

மதுரையில் தாங்கள் பார்த்துப் பழகிய மிஷன் பள்ளிகளை மனத்தில் வைத்து இதை அளந்தால் கணக்குத் தவறிவிடும். நானும் அப்படியொரு பள்ளியில் படித்தவன்தான். நெற்றியில் திருநீற்றோடு போய், காலைக் கூட்டத்தில் கீர்த்தனையும் ஜெபமும் கேட்பேன்; கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாட வகுப்புக்கு எழுந்து சென்றதும் மற்றவர்களோடு நீதிபோதனை வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஏற்பாட்டில் ஆசிரியர்களின் பெருந்தன்மை இருந்தது. அதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும் அவரது சம்மதமின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் சொல்லக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28(3) பிரிவு கூறுகிறது. அந்தப் பாதுகாப்பு நம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். சியோலில் தங்கள் மகளையும் மருமகனையும் கட்டுப்படுத்தப்போவது, சேர்க்கைப் படிவத்தில் அவர்களே இடும் கையெழுத்து.

அப்பள்ளிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை நம் வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் ஒதுங்க 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்காக மதுரையிலும் பசுமலையிலும் பள்ளிகளை நடத்திய அதே மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகளுக்காக, 1901இல் கொடைக்கானலில் தனியே ஒரு பள்ளி எழுந்தது. அதுவே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. சியோலிலும் இதே கதைதான். அங்குள்ள சியோல் ஃபாரின் ஸ்கூல் 1912இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. மணிலாவில் 1957இல் தொடங்கிய ஃபெய்த் அகாடமியும் அவ்வழி வந்ததே. ஊர்ப் பிள்ளைகளுக்கான பள்ளி, ஊரின் பாடத்திட்டத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்டு வளர்ந்தது. மிஷனரி பிள்ளைகளுக்கான பள்ளியோ, வீட்டில் தொடங்கிய சமய வளர்ப்பை வகுப்பறையிலும் தொடர்வதற்கென்றே ஏற்பட்டது. இன்று அங்கே தூதரகங்களிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோரின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆயினும் தோன்றிய நோக்கத்தைப் பல பள்ளிகள் மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றன. அந்த வெளிப்படைத் தன்மையை நான் மதிக்கிறேன்.

ஆகவே தங்கள் மகள் முதலில் படிக்க வேண்டியது, பள்ளி தன் சமய நம்பிக்கைகளை எழுதி வைத்திருக்கும் ‘விசுவாச அறிக்கை’யை. பெற்றோர் அதை ஏற்றுக் கையெழுத்திட வேண்டுமா, அறிந்துகொண்டதாகக் கையெழுத்திட்டால் போதுமா என்று எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். இவ்விரண்டுக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு உண்டு. நம்பாத ஒன்றை நம்புவதாகக் கையெழுத்திட்டு ஓர் இடத்தைப் பெறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பத்து வயதுக் குழந்தை பெற்றோரிடமிருந்து பொய்யைக் கற்றுக்கொள்ள அதைவிட நேரான வழி இல்லை. அறிந்துகொண்டதாக மட்டும் கையெழுத்துக் கேட்டால், தாராளமாகச் சேர்க்கலாம். சேப்பலில் அடக்கத்தோடு அமர்ந்திருக்க வேண்டும், பாடத்தைப் பாடமாகப் படிக்க வேண்டும், வீட்டில் நாம் கும்பிடும் சாமியைப் பற்றி யாராவது கேட்டால் கூசாமல் சொல்ல வேண்டும் என்று பேத்தியிடம் புறப்படுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பிற சமயக் குழந்தை வகுப்பில் கேள்வி கேட்டால் ஆசிரியர் எவ்வாறு எடுத்துக்கொள்வார் என்பதை, அங்கே ஏற்கெனவே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் இந்தியக் குடும்பங்களிடம் மருமகன் விசாரிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் கவலையில் பாதியைத் தமிழுக்குக் கொடுங்கள். பேத்தி திரும்பி வரும்போது பதின்மூன்று வயதாகியிருக்கும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மூன்றாண்டு ஏட்டைத் தொடாத குழந்தை எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் செய்யுள் பகுதியைப் பார்த்து மலைத்துப்போகும். இப்போதே தமிழ்ப் பாடநூல்களை வாங்கிப் பெட்டியில் வையுங்கள். வாரம் இரண்டு நாள் காணொலி அழைப்பில் தாங்களே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வேலையைத் தங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் சியோலில் இருக்க மாட்டார்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பை முடிக்கிறான். எனக்கு இரண்டாண்டுப் பணி சியோலில். அவனை மருத்துவராக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அங்குள்ள கிறிஸ்தவப் பன்னாட்டுப் பள்ளியில் படித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இங்கே வந்துவிடலாமா? – ஒரு வாசகர், மேலூர்.

பதில்: வேண்டாம், ஐயா. நம் மாநிலத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்த ஈராண்டுப் படிப்பு அது. நடுவில் வந்து ஏறுவது எளிதன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மகன் இங்கேயே எழுதி, பன்னிரண்டு வரை இங்கேயே தொடர்வதுதான் அவனுக்கு நல்லது. தாத்தா பாட்டி வீட்டிலோ நல்ல விடுதியிலோ விட்டுச் செல்வது பெற்ற மனத்துக்குக் கடினம் என்பதை அறிவேன். இருந்தாலும் அதையே சொல்வேன்.

குடும்பத்தைப் பிரிக்க மனம் ஒப்பவில்லையென்றால், பன்னிரண்டாம் வகுப்பை அங்கேயே முடிக்கும் வரை தங்க வழி தேடுங்கள். அப்போதும் பாடத்தேர்வில் விழிப்பு வேண்டும். நீட் வழியே மருத்துவத்தில் சேர, பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்) ஆகியவற்றிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அமெரிக்க முறைப் பள்ளிகளிலோ ஒன்பதில் உயிரியல், பத்தில் வேதியியல், பதினொன்றில் இயற்பியல் என்று ஆண்டுக்கு ஒன்றாகப் படிப்பது வழக்கம். பள்ளியின் பார்வையில் அது குறையற்ற படிப்பு. நம் ஊர் விண்ணப்பத்தில் அதுவே தடையாகிவிடலாம். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் பட்டயப் படிப்பை நடத்தும் பள்ளியானாலும், மூன்று அறிவியல் பாடங்களையும் ஒருசேர எடுப்பது அதன் வழக்கமான அமைப்புக்குள் அடங்காது. பள்ளி முன்கூட்டியே சிறப்பு அனுமதி கேட்டுப் பெற வேண்டும். பள்ளியின் கிறிஸ்தவச் சார்பு பற்றித் தாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், மகனைப் பொறுத்தவரை இந்தப் பாட அட்டவணையைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். அங்கே முடிக்கும் படிப்பு நம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரானது என்னும் சமத்துவச் சான்றும், ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுமையாகத் தமிழ்நாட்டில் படிக்காதவர் என்பதால் மாநில ஒதுக்கீட்டுக்குப் பிறப்பிடச் சான்றும் தேவைப்படும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையினர். ஆயரின் கடிதம் இருந்தால் இத்தகைய பள்ளிகளில் எளிதாக இடம் கிடைக்குமா? கட்டணம் குறையுமா? – ஒரு வாசகி, பசுமலை.

பதில்: சில பள்ளிகள் பெற்றோரில் ஒருவராவது கிறிஸ்தவ விசுவாசியாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, அங்கே ஆயரின் கடிதம் கட்டாயம். மற்றவை அதைக் கேட்பதில்லை. கொரியாவில் வெளிநாட்டவர் பள்ளியில் சேர வேண்டுமென்றால், பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும், அல்லது கொரியக் குழந்தை குறைந்தது மூன்றாண்டு வெளிநாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடைய தங்களுக்கு அதில் தடை இல்லை. கட்டணச் சலுகை பொதுவாக முழுநேர மிஷனரி ஊழியர்களுக்கே உரியது. சபை உறுப்பினர் என்பதற்காகக் குறைக்க மாட்டார்கள். சியோலின் பெரிய பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் நம் மதிப்பில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். நிறுவனம் கட்டுவதாகச் சொன்னால், எத்தனை குழந்தைகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, சேர்க்கையின்போது வாங்கும் திரும்பக் கிடைக்காத தொகையும் அதில் அடங்குமா என்பவற்றைப் பணி ஆணையிலேயே எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.