சட்டத்தோடு தத்துவமும் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நான் தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். எனக்கோ தத்துவத்தில் ஈடுபாடு. இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா? வழக்கறிஞர் தொழிலுக்குத் தத்துவத்தால் பயன் உண்டா?
– ஒரு மாணவி, அரூர்

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள வாச்சாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூனில் சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் அங்கே நடந்த வன்கொடுமைக்காக, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு நடந்தது. தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளிப்பதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்ற அத்தீர்ப்பை உயர் நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்தது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்பதைச் சட்டப் பிரிவு சொல்லிவிடும். மேலதிகாரியின் உத்தரவு என்பது ஒருவரின் பொறுப்பை எந்த அளவுக்குக் குறைக்கும், தடுக்காமல் நின்றவருக்குக் குற்றத்தில் என்ன பங்கு, 19 ஆண்டுகள் கழித்துக் கிடைப்பதை நீதி என்று சொல்லலாமா என்பவற்றை ஆராயத் தத்துவப் பயிற்சி வேண்டும். ஹிட்லர் ஆட்சியின் சட்டத்தைப் பயன்படுத்திக் கணவனைக் காட்டிக்கொடுத்த பெண்ணைப் பிற்காலத்தில் தண்டித்தது முறையா என்பதை முன்வைத்து சட்டத் தத்துவ அறிஞர்களான ஹார்ட், ஃபுல்லர் இருவரும் 1958-இல் நடத்திய விவாதமும் இத்தகையதே. ஆகவே பயன் நிச்சயம் உண்டு.

இனி, படிக்கும் வழி. ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பின் கலைப்பாடங்கள் பெரும்பாலும் அரசியல் அறிவியல், சமூகவியல், பொருளியல் ஆகியவையே. ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதித்ததை மட்டும் நம்பி இரண்டு கல்லூரிகளில் சேர்ந்துவிடாதீர்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், சட்ட மாணவர் வேறொரு முறையான பட்டப்படிப்பில் சேர்வதைத் தடை செய்கின்றன. பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புக்கு விலக்கு உண்டு. எனவே தருமபுரியில் சட்டம் படித்துக்கொண்டே தொலைநிலையில் தத்துவம் படிக்க இடமிருக்கிறது. சேருமுன் அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துவிட்டு, கல்லூரி முதல்வரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

எனினும், தத்துவம் ஆசிரியரோடு வாதாடிக் கற்க வேண்டிய துறை என்பதால், சென்னை கிறித்தவக் கல்லூரி போன்ற இடத்தில் முதலில் பி.ஏ. தத்துவம் முடித்து, பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்வதையே நான் பெரிதும் விரும்புவேன். இதற்கு மொத்தம் ஆறு ஆண்டுகள் ஆகும். கூடுதலாகும் ஓராண்டையும் விடுதிச் செலவையும் மறைக்காமல் கணக்கிட்டுக் காட்டி, வீட்டாரிடம் இப்போதே பேசுங்கள்.