விழும் சுவரும் இரண்டு அங்குலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) பார்த்தேன். புயலில் வீட்டின் முன்சுவர் அப்படியே அவர் மேல் சாய, மாடி ஜன்னல் அவரைச் சுற்றி விழுகிறது. அது கேமரா தந்திரமா? நிஜம் என்றால், துணிச்சலை நடிப்பு என்று சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

தந்திரம் இல்லை. கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் போட்ட செட். சுவரின் எடை சுமார் 2 டன். அவ்வளவு கனம் எதற்கு? புயலுக்காக விமான எஞ்சின் பூட்டிய காற்று இயந்திரங்கள் ஓடுகின்றன. லேசான தட்டி என்றால் அந்தக் காற்றில் முறுக்கிக்கொள்ளும். ஜன்னல் இடம் மாறி விழும். ஆள் பிழைக்க மாட்டார். கனமான, வளையாத சுவர்தான் அடியில் இருக்கும் கீலில் நேராகச் சாயும்.

கீலிலிருந்து ஜன்னல் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் தள்ளி அவர் நிற்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுவர் வட்டமாகச் சுழன்று வருவதால் காலை விடத் தலைதான் அதற்கு முதலில் எதிர்ப்படும். 165 செ.மீ. உயர ஆள் கீலிலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்றால், தலை உச்சி கீலிலிருந்து சுமார் 4.33 மீட்டரில் இருக்கும். ஜன்னலின் மேல்சட்டம் அதையும் தாண்டி இருந்தாக வேண்டும். கீட்டன் தோள், தலை, குதிகால் எல்லாவற்றுக்கும் விட்டுவைத்த இடைவெளி 2 அங்குலம். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் பெரிய ஆணிகளை அடித்து வைத்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பின்னால் சுவர் வருவது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது. கீட்டனுக்குத் தெரியும். தோள் லேசாகச் சுருங்கினாலே நமக்கு விஷயம் தெரிந்துவிடும், சிரிப்பு போய்விடும். அதே சுருக்கத்தில் 2 அங்குலமும் போய்விடும். உயிரும் நகைச்சுவையும் ஒரே அசையாமையைத்தான் கேட்கின்றன. அதைக் கொடுத்தாரே, அதற்கு நடிப்பு என்றுதான் பெயர். சின்ன வயதில் பெற்றோருடன் மேடையேறியபோதே, தான் சிரித்தால் கூட்டம் சிரிக்காது என்று கற்றவர் அவர்.

முழு வீடும் முழு ஆளும் ஒரே ஷாட்டில் தெரிகிறார்கள். நடுவில் முகத்துக்கு ஒரு குளோசப் வெட்டியிருந்தால் ‘தந்திரமா’ என்ற உங்கள் சந்தேகம் நியாயமாகியிருக்கும்.

இதே யோசனையைச் சிறிய அளவில் ‘ஒன் வீக்’ (1920) குறும்படத்திலேயே செய்திருக்கிறார். அடுத்து அதைப் பாருங்கள்.