நிறம் வரவில்லை என்றால் குளோரின் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: வீட்டுப் பின்புறம் 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழத்தில் சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்களே என்று நேற்று இரவு அரை கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டோம். காலையில் டெஸ்ட் கிட் மாத்திரையைப் போட்டுப் பார்த்தால், ரோஸ் நிறம் எட்டிப்பார்த்துவிட்டு உடனே மறைந்துவிட்டது. “குளோரினே ஏறவில்லை, இன்னொரு அரை கிலோ போடு” என்கிறார் என் கணவர். போடலாமா?
- ஒரு வாசகி, மாதவரம்

பதில்: போடவே போடாதீர்கள். குளோரின் சுமார் 10 பிபிஎம்மை (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) தாண்டினால், அந்த மாத்திரை தரும் ரோஸ் நிறத்தையே வெளுத்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

கணக்குப் போட்டாலே தெரியும். உங்கள் குளம் 12,000 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் கிடைக்கும். அரை கிலோவில் 165 கிராம். அதாவது கிட்டத்தட்ட 14 பிபிஎம். குளிக்க 1 முதல் 3 இருந்தால் போதும். அதற்கு 75 கிராம் பவுடரே தாராளம்!

முதலில் சரியாக அளந்துவிடுங்கள். குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் நான்கு பங்கு கலந்து மாத்திரையைப் போடுங்கள். வரும் அளவை ஐந்தால் பெருக்குங்கள். 2.5 காட்டினால் உண்மையில் 12.5. குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் இதற்கு உதவாது, அதிலேயே குளோரின் உண்டு.

குறைக்க நம் ஊர் வெயிலை விட மலிவான மருந்து கிடையாது. மூடியிருந்தால் மூடியை எடுத்துவிட்டு, காலை பத்து மணியிலிருந்து பம்ப்பை ஓடவிடுங்கள். நீங்கள் போட்டது, வெயிலில் குளோரினைக் காக்கும் அமிலம் எதுவும் சேராத வெறும் பிளீச்சிங் பவுடர் என்பதால் ஒரு நல்ல பகலிலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

மழை மூட்டம், அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் படிகம், கடைக்காரர் பாஷையில் ‘ஹைப்போ’. கொளத்தூர் கலர் மீன் கடைகளில் விற்கும் ஆன்டி குளோரின் பெரும்பாலும் இதன் கரைசல்தான். ஆனால் அந்தச் சின்ன பாட்டில் தொட்டிக்குத்தான் சரி. குளத்துக்குப் படிகமாகவே வாங்குங்கள், பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கேட்கலாம். 100 கிராமை ஒரு வாளிக் குளத்துத் தண்ணீரில் கரைத்து, பம்ப் ஓடும்போது சுற்றிலும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, தேவைப்பட்டால் 50 கிராம். மொத்தமாகக் கொட்டினால் மிச்சமிருக்கும் ஹைப்போ அடுத்து நீங்கள் போடும் குளோரினையும் தின்றுவிடும், இரண்டே நாளில் பாசி பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவை (7.2 – 7.8) குளோரின் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். குளோரின் 3 பிபிஎம்முக்கு வரும்வரை பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குளத்தில் குளோரின் நெடி தாங்கவில்லை, கண்ணும் எரிகிறது. ஹைப்போ போடலாமா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நெடியை வைத்து முடிவு செய்தால் தலைகீழாகப் போகும். மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் குளோரமின். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்தால் உண்டாவது. மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினை (எதனோடும் சேராமல் மிச்சமிருப்பது) கழியுங்கள். 0.5-க்கு மேல் நின்றால் குளோரின் போதவில்லை என்று பொருள். அந்த மிச்சத்தைப் போல் பத்து மடங்கு குளோரின் போட வேண்டும்: மிச்சம் 0.8 என்றால் 8 பிபிஎம். சாயங்காலம் போட்டு, மூடாமல் விட்டு, அளவு இறங்கிய பிறகே இறங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து கிட் மொத்தத்தை மட்டுமே காட்டும். இதற்கு மாத்திரை கிட்தான் வேண்டும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கச் சொன்னால் வீட்டில் முகம் சுளிப்பார்கள்தான். ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி: குளோரின் கூடிப்போனால், தண்ணீரைத் திறந்துவிட்டு லாரித் தண்ணீர் பிடித்தால் சுலபமாயிற்றே?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: பாதியை மாற்றினால் குளோரினும் பாதியாகும். வருஷக்கணக்காகக் குளோரின் மாத்திரை போட்ட குளம் என்றால் இதுதான் சரி. அந்த மாத்திரையோடு சேரும் சயனூரிக் அமிலம் வெயிலில் குளோரினை இறங்கவிடாது, ஹைப்போவுக்கும் மசியாது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் முழுசாக இறைக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும்போது காலிக் குளத்தின் தரையைக் கீழிருந்து தூக்கி விரிசல் விடும். திறந்துவிடும் தண்ணீரைக் குளோரின் இறங்கிய பிறகே விடுங்கள், அதுவும் மழைநீர் சேகரிப்புக் குழியில் வேண்டாம்.