கிழிசலை முதலில் கொண்டுவாருங்கள்

(பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கும் நம் அக்கா, பழைய பொருளைப் புதிதாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறார்.)

வேலந்தாவளம் வாசகி: எங்கள் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழு) பழைய பொருட்களில் புதுப்பொருள் செய்யும் பயிற்சிப் பட்டறை நடத்தப் போகிறோம். பாட்டிலில் பூந்தொட்டி, சிடியில் சுவர் அலங்காரம் என்று யூடியூபில் பார்த்து வைத்திருக்கிறோம். இதனால் குப்பை குறையுமா அக்கா?

நானும் அந்த வழியில் போய்த் திரும்பி வந்தவள்தான் அம்மிணி. ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் முதல் கிளாஸ் எடுத்தேன். நாற்பது பாட்டிலை அறுத்து, பெயின்ட் அடித்து, மணி பிளான்ட் வைத்துச் சுற்றுச்சுவரில் தொங்கவிட்டோம். ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பங்குனியில் பாட்டில் எல்லாம் வெளிறி, தொட்டால் விரிசல் விட்டது. கழற்றி மூட்டை கட்டி, வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்க மாதாமாதம் வரும் ஹரித கர்ம சேனை அக்காவிடம் நீட்டினேன். "கழுவி உணக்கி (காயவைத்து) தந்தா எடுப்போம், மண்ணும் பெயின்டுமா இருந்தா வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். சுத்தமான பாட்டில் என்றால் அதை உருக்கிப் பாலியஸ்டர் இழையாக்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அதை வாசலில் வந்து எடுத்துப் போகவும் ஆள் இருக்கிறது. போகிற இடம் தெரிந்த பாட்டிலைப் பிடித்து நிறுத்தி, எங்கேயும் போக முடியாமல் செய்தது எங்கள் கிளாஸ்தான்.

அதற்கப்புறம் பட்டறையின் பெயரையே மாற்றிவிட்டேன். 'கிழிசல் ஞாயிறு'. செய்து காட்டுவது கிடையாது. உங்கள் வீட்டில் எது கெட்டுக் கிடக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்பதுதான் அழைப்பு. முதல் ஞாயிறே நைட்டி, கம்பி ஒடிந்த குடை, மிக்சி ஜார் மூடி, பள்ளிக்கூடப் பை எல்லாம் வந்து குவிந்தன. ஜூனில் பள்ளி திறக்கும் நேரம் அது. பதினோரு பையில் ஒன்பதுக்கு ஜிப்தான் கோளாறு. ஜிப் போச்சு என்று புதுப்பை வாங்குகிறோமே, பல் நன்றாகத்தான் இருக்கும். பல்லைச் சேர்த்துக்கொண்டு ஓடும் ரன்னரின் வாய்தான் விரிந்திருக்கும். சின்னக் குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் மெதுவாக ஓர் அழுத்து. மெதுவாக என்று சொன்னது ஞாபகம் இருக்கட்டும், பலமாக அழுத்தினால் உடைந்துவிடும். அதிலும் சரியாகாவிட்டால் புது ரன்னர் மாட்டினால் போதும். அன்று ஐந்து பை குறடிலேயே சரியாயின.

ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்கிற பெண்மணி 2009-இல் 'ரிப்பேர் கஃபே' என்று தொடங்கியதும் இதே மாதிரிதானாம். என் மகன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். டீயும் கொடுப்பார்களாம். டீ நாங்களும் கொடுக்கிறோம், பரிப்புவடையோடு.

பொள்ளாச்சி வாசகி: பழைய சேலையில் பை தைத்தேன், இரண்டு கிலோ வெங்காயத்துக்கே பிய்ந்துவிட்டது. ஜீன்ஸில் தைக்கலாம் என்றால் ஊசி ஒடிகிறது.

சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வருகிற இடமும் உட்காருகிற இடமும் வலைபோல் தெரியும். அதை விட்டுவிட்டு முந்தானைப் பக்கமாக வெட்டுங்கள், இரண்டு மடிப்பாகப் போடுங்கள். கைப்பிடிக்குக் கரையை மடித்துத் தைத்தால் கயிறு மாதிரி நிற்கும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் ஓட்டாதீர்கள். சதுரமாகத் தைத்து உள்ளே குறுக்கே பெருக்கல் குறி போட வேண்டும். பெரும்பாலான பைகள் அங்கேதான் உயிரை விடுகின்றன.

ஜீன்ஸுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி, தடிமன் அதிகமென்றால் பதினெட்டு. தையல் மேல் தையல் வருகிற மேட்டைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிவிட்டு, அந்த இடத்தை மட்டும் மோட்டாரை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

அதோடு, துணிப்பை வேண்டும் என்று புதுக் காடாத் துணி வாங்கித் தைக்காதீர்கள். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, சாதாரணப் பிளாஸ்டிக் பை ஒரு தடவையோடு போகிறதென்றால், புதுப் பருத்திப்பையை 131 தடவையாவது எடுத்துப் போனால்தான் புவி சூடாகும் கணக்கில் இரண்டும் சமம். பழைய சேலைக்கு இந்தக் கடன் கிடையாது.

சித்தூர் வாசகர்: லாரி லாரியாகக் குப்பை எல்லை தாண்டுகிறது. உங்கள் ரன்னரும் ஊசியும் என்ன செய்துவிடும்?

ஒன்றும் செய்யாது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவைத் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித் திருப்பி அள்ளிக்கொண்டு போனதும் ஊருக்கே தெரியும். அந்த வாரம் கோவையில் நூல் வாங்கப் போனால் "உங்க கேரளாக்காரங்க" என்று ஏச்சு. இங்கே வந்தால் நாம் 'தமிழன்'. சரி, பழகிப்போனதுதான். அது சட்டமும் செக்போஸ்டும் பார்க்க வேண்டிய வேலை, பட்டறை அதற்கு மருந்தென்று நான் சொன்னதே இல்லை.

ஆனால் நாங்கள் எடை போடுகிறோம். காய்கறிக் கடைத் தராசை இரவல் வாங்கி, வந்த துணி எவ்வளவு, வெட்டி மிஞ்சியது எவ்வளவு என்று நோட்டில் எழுதுகிறோம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 23 பை தைத்தோம். ஆறு மாதம் கழித்து வீடு வீடாகக் கேட்டால், 9 பைதான் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. மீதி பீரோவில். "அழகா இருக்கு, அழுக்காயிடுமே" என்றார் ஓர் அம்மா. அன்றிலிருந்து பூ வேலைப்பாடு வைப்பதை நிறுத்திவிட்டேன்.

கோவிந்தாபுரம் வாசகி: திருப்பூர் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் வாங்கி மிதியடி செய்து விற்கலாமா?

தாராளமாக. இரண்டு அங்குல நாடாவாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுற்றிக் கைத்தையல் போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அது குப்பை குறைப்பு அல்ல, வியாபாரம். அந்தத் துணிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மெஷின் துடைக்க வொர்க்‌ஷாப்புக்குப் போகிறது, பிரித்துத் திரும்ப நூலாக்க மில்லுக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்குவதை யாரும் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். விலையைக் கூட்டி வையுங்கள், பின்னல் கைவலி வேலை.

கொல்லங்கோடு மாணவன்: பள்ளித் தோட்டத்தில் பழைய டயரைத் தொட்டியாக வைக்கலாமா?

வைக்கலாம் கண்ணு. படுக்க வைத்தால் உள்வளைவில் தண்ணீர் தேங்கும், டெங்குக் கொசு முட்டையிட அது போதும். அதனால் கீழ்ப்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டு, உள்வளைவு தெரியாத அளவுக்கு மண் நிரப்பு. ஓட்டை போடும் வேலையை மட்டும் பஞ்சர் கடை அண்ணனிடம் விடு.