ஒரு சேனல் போனதற்காகப் பழைய ஆம்ப்பின் போர்டையே மாற்ற வேண்டுமா?

எண்பதுகளில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப், இடது பக்கம் நன்றாகப் பாடுகிறது, வலது பக்கம் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, மெக்கானிக் பழைய போர்டை எடுத்துவிட்டு ஐசி (சிப்) போர்டு போடச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அநேகமாக வீட்டுப் பெரியவர் யாராவது ஆசையாக வாங்கிய செட்டாக இருக்கும். உள்ளே ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களாக 2என்3055 நான்கு உட்கார்ந்திருக்கக்கூடும்.

என் மாமாவின் ஆம்ப்பிலும் இதேதான். ஒரு மெக்கானிக் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மட்டும் இரண்டு முறை மாற்றினார், இரண்டு முறையும் உடனே போயின. அப்புறம் நானே திறந்தேன். சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. ஆனால் நன்றாக இருக்கும் இடது சேனலே படம்தானே! பவரை எடுத்து, பெரிய கெபாசிட்டர்களை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, இடதில் ஒரு புள்ளி, வலதில் அதே புள்ளி என்று மீட்டர் வைத்துக்கொண்டே போனேன். அவுட்புட் டிரான்சிஸ்டரை இயக்கும் டிரைவராக இருந்த பிடி140 டிரான்சிஸ்டர் ஷார்ட். எமிட்டரில் இருக்கும் 0.33 ஓம் வெள்ளை ரெசிஸ்டர் ஓப்பன். பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டை, வைக்கும் திருகு ரெசிஸ்டரான பிரீசெட் தேய்ந்து, தொட்டால் அளவு தாவியது. இவற்றை விட்டுவிட்டு 3055 மட்டும் போட்டால் அது எப்படி நிற்கும்?

எல்லாம் மாற்றி, மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் (சீரிஸில்) போட்டு ஆன் செய்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. மங்கியது. 0.33 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட், அதாவது 30 மில்லியாம்ப் வருமாறு பயாஸ் வைத்தேன். ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஸ்பீக்கரை இணைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், இல்லாவிட்டால் வூஃபர் காயில் கருகிவிடும்.

டிரான்சிஸ்டர்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வேலை செய்யும் க்ளாஸ் டி ஆம்ப் போர்டு மலிவு, அதிகம் சூடாகாது என்று யாராவது வருவார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. புதிதாகக் கட்டுபவர் அதையே போடட்டும். நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் பாதி உயிரும் உள்ள செட்டை ஏன் காலி செய்ய வேண்டும்? கரண்ட் வேலை பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் போலி டிரான்சிஸ்டர்கள் மேல்தான். கழற்றிய 3055 ஒன்றின் மூடியை அறுத்துப் பார்த்தேன். உள்ளே கடுகளவு சிப். பழைய அசலில் இருந்தது அதைப் போலப் பல மடங்கு பெரியது. விற்ற கடைக்காரரிடம் காட்டினால், "இப்ப எல்லாமே இப்படித்தான் சார் வருது" என்கிறார். பில்லும் தரவில்லை.