ஃப்ளை கட்டுபவர்கள் கூடி ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் சந்திப்பை எப்படி நடத்துவது?

எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், எல்லாரும் வீட்டில் தனியாக உட்கார்ந்து கட்டுகிறோம், சொல்லித்தர ஆசிரியர் யாரும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் இல்லாததே நல்லது என்பேன். நான் பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். ஏப்ரலில் ட்ரவுட் மீன் பிடிக்கும் சீசன் தொடங்குவதற்குள் ஃப்ளைப் பெட்டியை நிரப்பிவிட வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க இப்படித்தான் கூடுகிறோம்.

தெரியாதவர்களுக்கு: தூண்டில் முள்ளின் மேல் இறகு, உரோமம், நூல் எல்லாம் சுற்றி, மீன் தின்னும் பூச்சி போலவோ குஞ்சு மீன் போலவோ செய்வதுதான் ஃப்ளை கட்டுவது.

எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி. வருகிற ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஒரு ஃப்ளையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது அவர் உண்மையிலேயே மீன் பிடித்த ஃப்ளையாக இருக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஃப்ளை போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. புதிதாக வந்தவருக்கும் இதே விதிதான். பல வருடம் கட்டியவர் கைக்கு எந்த இடம் கஷ்டம் என்பதே மறந்துபோயிருக்கும். சமீபத்தில் கற்றவருக்கு எந்தச் சுற்றில் நூல் நழுவும், எங்கே இறகு திரும்பிக்கொள்ளும் என்பதெல்லாம் நன்றாக நினைவிருக்கும். எங்கள் குழுவில் மிகத் தெளிவாகச் சொல்லித்தந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது குளிர்காலத்துக்காரர்கள்தான்.

முதல் கூட்டத்துக்கு வூலி பக்கர் என்ற ஃப்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 வாக்கில் ரஸல் பிளெஸ்ஸிங் என்ற பென்சில்வேனியாக்காரர் உருவாக்கியது. மராபூ என்ற பஞ்சு போன்ற மெல்லிய இறகில் வால், செனில் என்ற பொசுபொசுப்பான கயிற்றில் உடம்பு, அதன் மேல் முழு நீளத்துக்கும் சுற்றிவரும் ஹேக்கிள் என்ற சேவல் இறகு, அவ்வளவுதான். எட்டாம் நம்பர் முள் கொடுங்கள். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும் என்பதைப் புதியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்ட ஆரம்பிப்பதற்கு முன், எல்லாரையும் முள்ளில் நூலைச் சுற்றி, வேண்டுமென்றே இழுத்து அறுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை அறுத்துப் பார்த்தால், எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். அறுந்துவிடுமோ என்று பயந்து தளரச் சுற்றியதால் பிரிந்துபோகும் ஃப்ளைகளே அதிகம். மராபூவை விரலால் லேசாக ஈரப்படுத்தினால் பறக்காமல் படிந்து நிற்கும். வால் முள்ளின் தண்டு நீளத்துக்கு இருந்தால் சரி. அப்புறம் முள்ளின் கண்ணுக்கு, அதாவது தூண்டில் நூலைக் கட்டும் வளையத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் காலியாக விடச் சொல்லுங்கள். இதை அன்றைக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். அந்த இடம் நிறைந்துவிட்டால் கடைசி முடிச்சுப் போட வழியே இருக்காது.

கற்றுக்கொடுப்பவர் எதிரே உட்காரக் கூடாது. எதிரிலிருந்து பார்த்தால் நூல் சுற்றும் திசை தலைகீழாகத் தெரியும். பக்கத்தில், தோளோடு தோள் உட்காருங்கள். இடது கைக்காரர்களுக்கு மட்டும் எதிர் இருக்கை பொருந்தும். கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்யலாம். ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி டிவியில் காட்டினால் தூரத்தில் இருப்பவர்களுக்கும் உதவும். ஆனால் டிவியை மட்டும் நம்பி நடத்தினால் அது யூடியூப் பார்ப்பது போல ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவர் விரலைப் பிடித்துத் திருத்துவதற்காகத்தானே கூடுகிறோம்.

இடம் நூலக அறையோ யாராவது வீட்டுச் சாப்பாட்டு மேசையோ, எதுவானாலும் பரவாயில்லை. மேசை விளிம்பின் தடிமனை மட்டும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கருவியான வைஸை விளிம்பில் திருகி மாட்டுவோம், சில மேசைகளில் அது ஏறவே ஏறாது. ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்குக் கீழே உட்கார்ந்தால் மராபூ அறை முழுக்கப் பறக்கும். விளக்கு ஆளுக்கொன்று வேண்டும். விழுந்த முட்களைப் பொறுக்க ஒரு காந்தம் அவசியம், தரையில் கம்பளம் இருந்தால் கட்டாயம். அன்றைய ஃப்ளைக்கான பொருளைக் கற்றுக்கொடுப்பவரே ஆளுக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துக் கொண்டுவந்து, செலவை எல்லாரிடமும் பகிர்ந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இறகு விஷயத்தில் கவனம் தேவை. தோட்டத்தில் கிடைத்தது என்று யாராவது ராபின் இறகோ ப்ளூ ஜே இறகோ கொண்டுவருவார்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைச் சட்டப்படி, தானாக விழுந்த இறகாக இருந்தாலும் அதை வைத்திருக்க அனுமதியில்லை. கோழி, வான்கோழி, வாத்து இறகுகளைக் கடையில் வாங்குவதே நிம்மதி. வீட்டில் பழைய இறகு இருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்த பிறகே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் பையில் வரும் அந்துப்பூச்சி எல்லார் பெட்டியையும் தின்றுவிடும்.

நம் ஆட்களுக்கு இன்னொன்று. ஊருக்குப் போய்த் திரும்பும்போது தோப்பில் பொறுக்கிய மயிலிறகைப் பெட்டியில் வைக்காதீர்கள். தானாக உதிர்ந்த மயிலிறகை இந்தியாவுக்குள் விற்கலாம், வாங்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகையும் கொண்டுவராதீர்கள், அதுவும் பாதுகாக்கப்பட்ட பறவை. சால்மன் மீனுக்கான ஃப்ளைக்கு அந்தக் காட்டுக்கோழி இறகு வேண்டும் என்றால் பண்ணையில் வளர்த்த பறவைகளுடையது விற்பனைக்குக் கிடைக்கிறது. விலை அதிகம் என்பதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.